சாவி, பேரேடு, அழைப்பு எண்: தமிழ்க் கூட்டத்தில் பொறுப்புகளைக் கைமாற்றுவது எப்படி?

சாவிக்கொத்து:

வணக்கம். பினாங்கின் பெருநிலத்தில், பட்டர்வொர்த் பக்கம் செவ்வாய் இரவு நடக்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்களின் அமைப்பு) தமிழ்க் கூட்டத்துக்காகக் கேட்கிறேன். வழக்கமாக 12 முதல் 15 பேர் வருவார்கள். ஆறு வருடமாக எல்லாமே ஒரே அண்ணன் கையில்: மண்டபச் சாவி, காசுப்பை, குடியில் தவிக்கிறவர்கள் உதவி கேட்டு அழைக்கும் அழைப்பு எண், வாட்சப் குழு, புத்தகப் பெட்டி. காசு விஷயத்தில் அவர்மேல் யாருக்கும் ஒரு துளி சந்தேகம் கிடையாது. போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு செவ்வாயும் மண்டபம் திறக்கவில்லை. அழைப்பு எண்ணும் அவரோடு படுத்துவிட்டது.

இப்போது அவரே பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார். எதை முதலில் பிரிப்பது? ஒப்படைக்கும்போது எதையெல்லாம் எழுதி வாங்குவது? ஆள் முன்வராவிட்டால் என்ன வழி? தைப்பூசத் தண்ணீர் பந்தல் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் பிறகு கேட்கிறேன்.

பழைய_பேரேடு:

தம்பி, முதலில் சாவி. பணத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவோம், ஆனால் புதிதாக வருகிறவரைத் திருப்பி அனுப்புவது பூட்டிய கதவு. அவர் இரண்டாம் முறை வருவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மண்டபக்காரரிடம் சொல்லி அனுமதி வாங்கி, இந்த வாரமே இன்னும் இரண்டு சாவி வெட்டுங்கள். மூன்று சாவியும் மூன்று தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கட்டும். மூவருமே தீவில் வேலை செய்கிறவர்களாக இருந்தால், பாலத்தில் நெரிசல் ஏற்படும் நாளில் மூவரும் சேர்ந்துதான் மாட்டிக்கொள்வார்கள். ஒருவராவது பெருநிலத்தில் வேலை பார்ப்பவராக இருக்கவேண்டும். சாவியில் மண்டபப் பெயரோ முகவரியோ எழுதிக் கட்டாதீர்கள்.

அடுத்தது காசு. பை சுற்றி வந்தபின், கூட்டம் முடிந்த கையோடு, அதே மேசையில் இரண்டு பேர் எண்ணவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணுவது வேண்டாம். நோட்டை மதிப்பு வாரியாக அடுக்கி, ஒருவர் எண்ணி மற்றவரிடம் தள்ளுகிறார். அவர் தொகையைக் கேட்காமலே மறுபடி எண்ணுகிறார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகுதான் ரொக்கப் புத்தகத்தில் எழுதுவது. தேதி, தலை எண்ணிக்கை, தொகை, இருவருடைய பெயரின் முதலெழுத்து. ஒரே வீட்டுக்காரர்கள் இருவர் எண்ணக்கூடாது. ஸ்பான்சரும் (வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) அவர் கைப்பிடித்து வந்தவரும் சேர்ந்து எண்ணுவதையும் தவிர்க்கலாம், ஏனென்றால் 'சரியாக இல்லையே' என்று சொல்ல இளையவருக்கு வாய் வராது.

பை எண்ணுவதற்கு முன்பே அதிலிருந்து பத்து ரிங்கிட் எடுத்துச் சீனி வாங்கி வரச் சொல்வது பல கூட்டங்களில் இருக்கும் வழக்கம். கணக்கு கெட ஆரம்பிக்கும் இடம் அதுதான். வரவும் குறைத்து எழுதப்படுகிறது, செலவும் எழுதப்படுவதில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கூட்டத்துக்கு எவ்வளவு வருகிறது, கோப்பிக்கு எவ்வளவு போகிறது என்று ஒருவராலும் சொல்லமுடியாது. முழுப்பையையும் வரவில் எழுதுங்கள். பிறகு செலவுக்குக் கொடுத்து, ரசீதைப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஒரு மாதக் கணக்கு எப்படி இருக்கும் என்று மாதிரிக்குப் போடுகிறேன். நான்கு செவ்வாய் வரவு 52, 38, 61, 45, மொத்தம் 196 ரிங்கிட். மண்டபத்துக்கு 80, கோப்பி சீனி பால் 34.50, துண்டுப் பிரசுரம் 20, அழைப்பு எண் ரீலோட் 10. செலவு 144.50, மிச்சம் 51.50. இரண்டு மாதச் செலவைச் சேமக் கையிருப்பாக வைக்கலாம் என்று குழு முடிவு செய்தால், அது 289 ரிங்கிட். கையிருப்பு அந்த அளவை எட்டும்வரை மிச்சத்தைச் சேருங்கள். எட்டிய பிறகு மிஞ்சுவதை, வட்டாரக் கூட்டங்களுக்குப் பொதுவான இன்டர்குரூப்புக்கும் ஏஏவின் பொதுச் சேவை அமைப்புக்கும் அனுப்புங்கள். எந்த விகிதத்தில் என்பதைக் குழுதான் முடிவு செய்யவேண்டும், பொருளாளர் அல்ல. ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்த கூட்டங்களில்தான் சண்டை வருகிறது. செலவு செய்ய நோக்கம் இல்லாத பணம் ஆளாளுக்கு யோசனை கொடுக்கும்.

மண்டபக்காரர் 'வாடகை வேண்டாம், நல்ல காரியம்தானே' என்று சொன்னாலும் கொடுத்துவிடுங்கள். மின்சாரக் காசு என்று எழுதியாவது ரசீது வாங்குங்கள். ஏஏவின் பன்னிரண்டு மரபுகள் என்ற நெறிகளில் ஏழாம் மரபு தன்காலில் நிற்கச் சொல்கிறது. இலவசமாகத் தந்த இடத்தில் நாளைக்கு 'எங்கள் நிகழ்ச்சிக்கு உங்கள் ஆட்கள் பத்துப் பேரை அனுப்புங்கள்' என்று கேட்டால் மறுப்பது கடினம்.

வீட்டில் ரொக்கமாக 300 ரிங்கிட்டுக்கு மேல் யாரும் வைக்கக்கூடாது என்று ஒரு வரம்பு போடுங்கள். இந்த வரம்பு அந்தச் சகோதரரைச் சந்தேகப்பட்டுப் போடுவதல்ல, அவரைக் காப்பாற்றப் போடுவது. சம்பளத்துக்கு முந்திய வாரம், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், அலமாரியில் கூட்டத்துப் பணம். 'வெள்ளிக்கிழமை வைத்துவிடலாம்' என்று எடுத்தவர், வெள்ளிக்கிழமை வைக்கமுடியாமல் போனால் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். நூறு ரிங்கிட் போனதற்குப் பதிலாக ஓர் ஆளே போய்விடுவார்.

இரவல்_குடை:

பேரேடு அண்ணே, எல்லாம் சரி. ஆனா இப்ப யார் கையில ரொக்கம் இருக்கு? சின்னப் பசங்க கோப்பிக்கடையிலயும் ஸ்கேன் பண்ணித்தான் காசு கொடுக்கிறாங்க. வங்கிக்குக் காசு அனுப்புற டியூட்நவ் கியூஆர் ஒண்ணு மேசையில ஒட்டினா வசூலும் கூடும், எண்ணுற வேலையும் மிச்சம். வங்கிக் கணக்கில தானா பதிவாகுதே, இதைவிடச் சுத்தமான கணக்கு உண்டா?

பழைய_பேரேடு:

பதிவாகிறது என்பதுதான் சிக்கல். ஸ்கேன் செய்தவுடன் பணம் பெறுகிறவர் பெயர் திரையில் வரும். கூட்டத்துக்கு முதல் முறை வந்தவர்கூட பொருளாளரின் முழுப் பெயரைத் தெரிந்துகொள்வார். மறுபக்கம், பணம் போட்டவர்களின் பெயர் ஒவ்வொன்றும் பொருளாளரின் கணக்கு விவரத்தில் தேதியோடு நிற்கும். ஒவ்வொரு செவ்வாயும் இரவு ஒன்பது மணிக்கு ஐந்து ரிங்கிட், பத்து ரிங்கிட், பதினைந்து பெயர்கள். அது ஒரு வருகைப் பதிவேடு. வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அந்தத் தாளை வங்கி அதிகாரியிடம் கொடுப்பார், கணக்குப் பார்க்கச் சம்சாரத்திடம் கொடுப்பார். பெயர் வெளியே போகாது என்று நம்பித்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

இன்னொன்று, கணக்கு யார் பெயரில்? குழுவின் பெயரில் திறக்க வங்கி பதிவுச் சான்றிதழ் கேட்கும். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் ஏழு பேரும் அதற்கு மேலும் சேர்ந்த அமைப்பைச் சங்கம் என்கிறது. பதிவு வேண்டுமா, எந்த வடிவில் என்பதை உங்கள் வட்டார சேவை அமைப்பிடமும் விவரம் தெரிந்த வழக்கறிஞரிடமும் கேட்டு முடிவெடுங்கள். அதுவரை பலர் செய்வது தனியார் பெயரில் ஒரு கணக்கு. அந்த நபர் இறந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது அவருடைய சொத்து. வாரிசு நடைமுறை முடியும்வரை தொடமுடியாது, குடும்பத்திடம் போய் 'அதில் 289 ரிங்கிட் எங்களுடையது' என்று சொல்வதும் அழகல்ல.

கியூஆர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழு ஓட்டுப்போட்டு வைப்பதென்றால் சில கட்டுப்பாடுகளோடு வைக்கலாம். கூட்டத்துக்கென்றே தனிக் கணக்கு, அதில் சொந்தப் பணம் ஒரு சென்கூடக் கலக்கக்கூடாது. சுவரில் ஒட்டாமல், கேட்கிறவருக்கு மட்டும் காட்டுவது. குறிப்பு எழுதும் இடத்தில் ஏஏ என்று எழுதவேண்டாம் எனச் சொல்லிக் கொடுப்பது. மாதக் கணக்கைக் குழுவுக்குக் காட்டும்போது, போட்டவர் பெயர்களை மையால் அடித்துவிட்டுக் காட்டுவது. பையும் எப்போதும் போலச் சுற்றவேண்டும். காசில்லாதவர் கையை உள்ளே விட்டு வெறுமனே எடுத்தாலும் யாருக்கும் தெரியாது என்பதுதான் துணிப்பையின் அருமை.

இரவல்_குடை:

பெயர் தெரியுறதை யோசிக்கவே இல்லை அண்ணே. ரெண்டு பக்கமும் தெரியும்கிறது உண்மைதான். ஒட்டுற யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். கேட்டாக் காட்டுறது சரி.

கோப்பித்தூள்:

சாவி வச்சிருக்கிறவங்க கூட்டத்துக்கு 45 நிமிஷம் முன்னாடி போகணும். மின்விசிறி, கழிப்பறை விளக்கு, வாசல் விளக்கு மூணையும் பாருங்க. வாசல் இருட்டா இருந்தா புது ஆளு உள்ளே வர யோசிப்பாரு. நாற்காலியை வட்டமாப் போடுங்க. கதவுக்குப் பக்கத்தில ரெண்டு காலியா விடுங்க, எழுந்து போகணும்னா யாரையும் தாண்டாமப் போகலாம்.

15 பேருக்கு 3 லிட்டர் தண்ணி, 150 கிராம் கோப்பித்தூள், டின்பால் ஒண்ணு. சீனியைத் தனியா வையுங்க, நீரிழிவுக்காரங்க நம்ம கூட்டத்தில நிறைய. 10 லிட்டர் கொதிகலனை முழுசா நிரப்பினா கொதிக்க அரை மணிக்கு மேல ஆகும். மூணு லிட்டர் போதும்னா மூணே ஊத்துங்க. கோப்பிப் பொறுப்புக்கு இத்தனை நாள் குடிக்காம இருக்கணும்னு எந்த விதியும் வைக்காதீங்க. குடியை விட்டு மூணாவது நாள் வந்தவர் குவளை கழுவலாம். கை நடுங்குறவர்கிட்ட சுடுதண்ணியை மட்டும் கொடுக்காதீங்க.

மூன்றாம்_மணி:

அழைப்பு எண் பற்றி நான் சொல்கிறேன், இதில்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் இருக்கின்றன.

சிம் முதலில். பிரீபெய்ட் எண்ணைக் காலத்தில் ரீலோட் செய்யாவிட்டால் எண் செத்துவிடும், பிறகு வேறொருவருக்குப் போய்விடும். நீங்கள் அச்சடித்து மருத்துவமனையிலும் கோயிலிலும் கொடுத்த துண்டுத்தாளில் அந்த எண் அப்படியே இருக்கும். குடியில் தவிக்கிறவர் அழைத்தால் சம்பந்தமில்லாத ஒருவர் எடுப்பார். ரீலோட் தேதியைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், இரண்டு பேர் கைத்தொலைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். சிம் யாருடைய மைகார்டில் (அடையாள அட்டையில்) பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அந்த அண்ணன் பெயரில் இருந்தால் அவர் நலமாக இருக்கும்போதே கடைக்குக் கூட்டிப்போய்ப் பெயர் மாற்றுங்கள். வாட்சப்பில் இரட்டைச் சரிபார்ப்பு எண்ணைப் போட்டு, அந்த ஆறிலக்கத்தை உறையில் ஒட்டிச் செயலாளரிடம் கொடுங்கள். 'உங்களுக்கு வந்த ஆறு எண்ணை அனுப்புங்கள்' என்று யார் கேட்டாலும் அனுப்பக்கூடாது என்பதை எடுக்கிற எல்லாருக்கும் சொல்லுங்கள். நம் ஊரில் அப்படித்தான் கணக்குகளைத் திருடுகிறார்கள்.

நான்கு பேர், ஆளுக்கு ஒரு வாரம். ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கைமாற்றம். கூடவே ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம்: நேரம், ஊர், என்ன உதவி, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது. முழுப் பெயரும் வீட்டு முகவரியும் எழுதக்கூடாது. மாதம் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள்.

எடுக்கிறவர் மருத்துவர் அல்ல, ஆலோசகரும் அல்ல. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் மனம் குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் வரலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. 'மனசை உறுதியா வச்சுக்கோங்க, வீட்டிலேயே படுங்க' என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, முன்பு வலிப்பு வந்திருக்கிறது என்று சொன்னால் அவசர எண் 999, அல்லது நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. பெருநிலத்தில் செபராங் ஜெயா, தீவில் பினாங்கு பொது மருத்துவமனை. 'வாரத்தில் எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்' என்று சொல்லி அனுப்புங்கள். வெட்கத்தில் மறைத்தால் அவர்கள் வேறு நோய்க்குப் பார்ப்பார்கள்.

மலிவுச் சரக்குக் குடித்தவர் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது, பனிமூட்டமாகத் தெரிகிறது என்று சொன்னால் மறுநாள்வரை காத்திருக்கவேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மதுவால் பலர் இறந்தது நினைவிருக்கும். மெத்தனால் குடித்த உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பாட்டில் மிச்சம் இருந்தால் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

சாகப்போகிறேன் என்று பேசுகிறவருக்கு 999; பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, அல்லது மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு. மனைவி அழைத்தால், குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்ட நேரத்தைக் கொடுங்கள். கணவனைக் கூட்டத்துக்கு இழுத்துவர வழி சொல்லித்தராதீர்கள்.

வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பேர், எப்போதும். தனியாகப் போகக்கூடாது. பெண் அழைத்தால் பெண் போகவேண்டும், இல்லையென்றால் பெண்ணிடம் தொலைபேசியில் பேசவிட்டு ஆண்கள் விலகிக்கொள்ளவேண்டும். தமிழ்க் கூட்டங்களில் பெண்கள் குறைவு என்பதால் 'அக்கா ஒருத்தர் இருக்காங்க' என்று எல்லா அழைப்பையும் ஒருவர் தலையில் கட்டுவதும் நடக்கிறது. கோலாலம்பூர்க் கூட்டங்களில் இருக்கும் பெண்கள் இருவரின் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தொலைபேசிக்குத் தூரம் கிடையாது. போதையின் உச்சத்தில் இருக்கிறவரிடம் ஏஏவின் பன்னிரண்டு படிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர் தெளிந்து, உடம்பு நோகும் காலைப்பொழுதில் போங்கள்.

வாட்சப் குழு பற்றி ஒரு வார்த்தை. குழுவில் சேர்ந்தாலே எண்ணும், மறைத்துவைக்காவிட்டால் படமும், எல்லாருக்கும் தெரியும். புது ஆளைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். குழுப் பெயரில் ஏஏ வேண்டாம், 'செவ்வாய் கூட்டம்' போதும். மேசையில் கிடக்கும் கைத்தொலைபேசியில் அறிவிப்பு வருவதை முதலாளியும் பார்ப்பார். நிர்வாகிகள் இருவர் இருக்கட்டும்.

செந்தூல்_வாக்கு:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். 'ஆள் முன்வராவிட்டால்' என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

ஆள் முன்வராததற்குப் பெரும்பாலும் காரணம் சோம்பல் அல்ல. பொறுப்பு எவ்வளவு பெரியது, எப்போது முடியும் என்று தெரியாததுதான். 'பொருளாளர் ஆகிறீர்களா?' என்றால் ஆறு வருடச் சிறை போலக் கேட்கிறது. 'ஒவ்வொரு செவ்வாயும் 15 நிமிடம், மாதத்துக்கு ஒரு முறை 40 நிமிடம், ஓராண்டு, அதோடு முடிந்தது' என்றால் கை உயரும். ஒவ்வொரு பொறுப்புக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள்: என்ன வேலை, எவ்வளவு நேரம், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது, எத்தனை மாதம் குடிக்காமல் இருந்திருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதைக் குழுவே முடிவு செய்யலாம். கோப்பிக்கு ஒன்றும் வேண்டாம், செயலாளருக்கு ஆறு மாதமோ ஓராண்டோ, பணத்துக்கு ஓராண்டு இரண்டாண்டு. பொதுச் சேவைப் பிரதிநிதியான ஜிஎஸ்ஆருக்கு குடிக்காமல் இரண்டு மூன்று ஆண்டும் இரண்டாண்டுப் பதவிக்காலமும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு மாற்று ஆள் கட்டாயம். மாற்றுச் செயலாளர், மாற்றுப் பொருளாளர். அவர் சும்மா பெயருக்கு இருக்கக்கூடாது. மாதத்தில் ஒரு செவ்வாய் அவரே நடத்தட்டும், முன்னவர் பக்கத்தில் உட்காரட்டும். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு முறை கை பழகிவிடும். ஒப்படைப்பு நாளில் கற்றுக்கொடுக்க ஒன்றுமே மிஞ்சாது. எல்லாப் பொறுப்பையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். செயலாளர் ஜனவரியில், பொருளாளர் ஜூலையில். அப்போது யாராவது ஒருவர் பழகியவராக இருப்பார்.

ஒரே பொறுப்புக்கு இருவரோ அதற்கு மேலோ நின்றால் ஏஏவில் மூன்றாம் மரபுரிமை முறை என்று ஒரு தேர்தல் முறை உண்டு. கைதூக்கல் வேண்டாம், சீட்டில் எழுதவேண்டும். மொத்த ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாங்கியவர் வென்றார். 9 பேர் என்றால் 6. 11 பேர் என்றால் 7.33, அதாவது 8 வேண்டும். இங்கே தவறு நிறைய நடக்கும், கீழே இறக்கக்கூடாது. யாருக்கும் கிடைக்காவிட்டால் மறு ஓட்டு. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக வாங்கியவர்கள் விலகுகிறார்கள், மூன்றாம் சுற்றுக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவானவர்கள். ஆனால் முதல் இருவர் எப்போதும் இருப்பார்கள். நான்காம் சுற்றிலும் முடியாவிட்டால், ஐந்தாவதும் கடைசியுமான ஒரு சுற்று வேண்டுமா என்று கைதூக்கி, சாதாரணப் பெரும்பான்மையில் கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் அப்போதே மிச்சப் பெயர்களைத் தொப்பியில் போட்டு ஒரு சீட்டு எடுக்கவேண்டியதுதான். வேண்டும் என்று நடத்தியும் யாருக்கும் கிடைக்காவிட்டால் அப்போதும் தொப்பிதான். 51-க்கு 49 என்று பிரிந்து, தோற்ற பாதி முறைத்துக்கொண்டு வேறு கூட்டம் தொடங்குவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. தொப்பியில் தோற்றவர் யார்மேல் கோபப்படுவார்?

முக்கியமான முடிவுகளில் இன்னொரு படியும் உண்டு. ஓட்டு முடிந்ததும் தோற்ற பக்கத்திலிருந்து ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். கேட்டபின், வென்ற பக்கத்தில் யாராவது மனம் மாறினார்களா என்று கேளுங்கள். ஒருவர் மாறினாலும் மறுபடி ஓட்டு. ஏஏ சேவைக்கென்று 1962-இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு கருத்துருக்களில் ஐந்தாவது, சிறுபான்மையின் குரலைக் கேட்கவேண்டும் என்கிறது. பெரும்பான்மை இரவுக் களைப்பில் தப்பாகப் போட்டிருக்கலாம்.

சாவிக்கொத்து:

எல்லாருக்கும் நன்றி. அந்த அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் கனமாக இருக்கிறது. அவரே சொல்லிவிட்டார் என்றாலும், சாவியை வாங்கும்போது மனசு கஷ்டப்படுமே.

அப்புறம் பந்தல். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர் பந்தல் போட்டு, ஏஏ பெயரில் மோரும் துண்டுத்தாளும் கொடுக்கலாம் என்று இரண்டு பேர் ஆசைப்படுகிறார்கள். ஒரு வணிகர் 2,000 ரிங்கிட் தருவதாகவும் சொல்கிறார், பதாகையில் அவர் கடை பெயர் போடவேண்டுமாம்.

பழைய_பேரேடு:

2,000 வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஏழாம் மரபு வெளியார் பணத்தை மறுக்கச் சொல்கிறது, ஆறாம் மரபு ஏஏ பெயரை வேறு எந்த நிறுவனத்துக்கும் இரவல் கொடுக்கக்கூடாது என்கிறது. கடைப் பெயரும் ஏஏ பெயரும் ஒரே துணியில் வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் மீறப்படும். 1948-இல் ஒருவர் உயிலில் எழுதிவைத்த 10,000 டாலரையே ஏஏ மறுத்தது. அப்போது தலைமை அலுவலகம் பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தது, அப்படியிருந்தும் மறுத்தார்கள். அந்த வணிகரிடம் நன்றி சொல்லி, அவர் சொந்தமாகவே பந்தல் போடட்டும் என்று சொல்லுங்கள், புண்ணியம் அவருக்கே.

மூன்றாம்_மணி:

பணம் வேண்டாம் என்பதில் ஒத்துப்போகிறேன். ஆனால் பந்தலே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். லட்சக்கணக்கில் சனம் வரும் நாள். அதில் எத்தனை வீட்டில் குடி இருக்கும்! உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில், தங்கள் சொந்தக் காசில், நண்பர் பந்தலில் நின்று மோர் ஊற்றலாம், அதை யாரும் தடுக்கமுடியாது. அங்கே ஏஏ பதாகை மட்டும் வேண்டாம். துண்டுத்தாள் கொடுப்பது பொதுத் தகவல் சேவை, அதைத் தனியாகத் திட்டமிடுங்கள். குழுவின் சொந்தக் கையிருப்பிலிருந்து 60 ரிங்கிட்டுக்கு அச்சடித்து, ஒரு சிறு மேசை, அனுமதி வாங்கிய இடத்தில்.

மேசையில் நிற்கிறவர்களைப் பற்றி யோசியுங்கள். ரத ஊர்வலத்தில் ஆயிரம் கைத்தொலைபேசிகள் நேரலையில் இருக்கும். ஏஏ என்று எழுதிய மேசைக்குப் பின்னால் நிற்கும் முகம் மாலைக்குள் முகநூலில் வரும். பதினோராம் மரபு அச்சு, வானொலி, திரை மட்டத்தில் பெயர் மறைக்கச் சொன்ன காலத்தில் இது கிடையாது, ஆனால் இதுவும் அதே மட்டம்தான். தங்கள் முகம் தெரிவதில் குடும்பத்துக்கும் வேலைக்கும் பிரச்சினை இல்லாதவர்களாக, அப்படியும் படம் எடுக்கவேண்டாம் என்று பணிவாகச் சொல்லத் தெரிந்தவர்களாகப் பாருங்கள். குடியை விட்டு ஒரு வருடம் ஆகாதவர்களை நிறுத்தாதீர்கள். காவடிக்குப் பின்னால் சில கும்பல்கள் குடித்துக்கொண்டும் வருகின்றன, வாசனையே போதும்.

இரவல்_குடை:

மேசை போடலைன்னா ஒண்ணும் கெட்டுப்போயிடாதுக்கா. தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி கிளினிக், மருந்துக்கடை, முடிதிருத்தும் கடையில தாள் வச்சா அதே சனம்தான் பார்க்கும். முடிதிருத்தும் கடை நல்ல இடம், ஆம்பளைங்க இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாங்க.

மூன்றாம்_மணி:

அதுவும் நல்ல யோசனைதான் தம்பி, இரண்டையும் குழுவிடம் வைக்கட்டும். தைப்பூசம் செவ்வாயிலோ அதற்கு முந்திய நாளிலோ வந்தால் தீவில் சாலைகள் மூடப்படும் என்பதால், கூட்டம் நடக்குமா இல்லையா என்பதை ஒரு மாதம் முன்பே அறிவியுங்கள். பண்டிகை நாளில்தான் கூட்டம் அதிகம் தேவை, முடிந்தால் நடத்துங்கள்.

செந்தூல்_வாக்கு:

அண்ணனிடம் பேசுவது பற்றி. சாவியை அவர் வீட்டில் போய் வாங்காதீர்கள். நிர்வாகக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், அவரே புதியவர் கையில் கொடுக்கட்டும். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். ஆறு வருட அனுபவத்தை அந்த அரைப் பக்கக் குறிப்புகளாக எழுதவைக்க அவரைவிட யார் இருக்கிறார்? மண்டபக்காரர் எந்த நேரத்தில் தொலைபேசி எடுப்பார், மழை நாளில் எந்த மூலை ஒழுகும், எந்த மின்விசிறியைத் தொடக்கூடாது, இதெல்லாம் அவர் தலையில் மட்டும்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை புதுப் பொருளாளர் அவரிடம் கேட்கலாம், ஆனால் முடிவு எடுக்கிறவர் புதியவர். இதைத் தெளிவாக முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருத்துவார், புதியவர் மூன்றாம் மாதம் விலகுவார்.

பழைய_பேரேடு:

ஒப்படைப்பு அன்று ஒரே தாளில் இவை இருக்கட்டும்: ரொக்கம் எண்ணிப்பார்த்த தொகை, கணக்கில் உள்ள தொகை, கொடுக்கவேண்டிய பாக்கி, மண்டபக்காரர் கடைசி ரசீதின் தேதி, சாவி எத்தனை யாரிடம், சிம் யார் பெயரில், அடுத்த ரீலோட் தேதி, புத்தகப் பெட்டியில் எத்தனை பெரிய புத்தகம் (ஏஏவின் அடிப்படை நூல்), எத்தனை துண்டுத்தாள், வட்டார அமைப்புக்குக் கடைசியாக அனுப்பிய தொகை. கொடுப்பவர், வாங்குபவர், இருவருமல்லாத மூன்றாமவர் ஒருவர், மூன்று முதலெழுத்து. தொகை ஒத்துவராவிட்டால் 'சரியாக இருக்கிறது' என்று கையொப்பம் வாங்காதீர்கள். 12 ரிங்கிட் குறைந்தாலும் '12 குறைவு, காரணம் தெரியவில்லை' என்று எழுதி ஒப்படையுங்கள். சொந்தப் பையிலிருந்து போட்டுச் சமமாக்கினால் அடுத்த ஆண்டும் யாராவது அப்படிச் செய்வார்.

பெரிய தொகை குறைந்தால் இரண்டு பேர் தனியாகப் போய்ப் பேசுங்கள், பிறகு குழுவிடம் சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்க ஒரு கால அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள். பணப் பொறுப்பிலிருந்து எடுக்கலாம். கூட்டத்திலிருந்து யாரையும் எடுக்கமுடியாது. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் மூன்றாம் மரபு கேட்கும் தகுதி.

சாவிக்கொத்து:

அடுத்த செவ்வாய் கூட்டம் முடிந்து 30 நிமிட நிர்வாகக் கூட்டம் வைக்கிறோம். மூன்று சாவி, இருவர் எண்ணுவது, அழைப்பு எண்ணுக்கு நால்வர் அட்டவணை, இவை மூன்றும் அன்றைக்கு. பொருளாளர் தேர்தல் அதற்கடுத்த மாதம், முன்கூட்டியே அறிவித்து. பந்தல் காசை மறுத்து வணிகருக்கு நானே சொல்கிறேன். சிம் பெயர் மாற்ற அண்ணனைச் சனிக்கிழமை கூட்டிப்போகிறேன். ஒரு சின்னச் சந்தேகம்: கடையில் அவருடைய மைகார்ட் மட்டும் போதுமா?

மூன்றாம்_மணி:

பெயர் மாற்ற இருவருடைய மைகார்டும் கையில் இருக்கட்டும், வாங்குகிறவரும் நேரில் வரட்டும். மாற்றுவதற்கு முன் வாட்சப் காப்புப்பிரதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனின் சொந்த மின்னஞ்சலில் அது சேர்ந்துகொண்டிருந்தால் ஆறு வருட அழைப்புகள் அங்கே கிடக்கும். அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.